பாட்டுக்குக் கைதட்டல்! பாட்டிக்கு?

நம் நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பாட்டுக்கு மாத்திரம் பஞ்சம் வந்ததில்லை. பிள்ளை பிறந்தால் தாலாட்டு, நாற்று நட்டால் நடவுப் பாட்டு, ஏற்றம் இறைத்தால் ஏற்றப் பாட்டு, செத்தால் ஒப்பாரி என்று பாடிக் கொண்டே இருந்த ஜனங்கள் நாம். ஆனால் யார் பாடினால் பாட்டு, யார் பாடினால் வெறும் கூச்சல் என்று தீர்மானிக்கின்ற அதிகாரம் மாத்திரம் என்றைக்கும் பாடுகிறவன் கையில் இருந்ததில்லை. கோவிலுக்குள் பாடினால் அது திருமுறை. சபாவில் பாடினால் அது சங்கீதம். வயலில் நின்று பாடினால் அது தெம்மாங்கு. சேரியில் பாடினால் அதற்குப் பெயரே இல்லை. இதுதான் இந்நாட்டுச் சங்கீத சாஸ்திரத்தின் முதல் பாடமாகும்.

இந்தப் பாடத்துக்கு விரோதமாக ஒரு காரியம் நடந்தது. 2021-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 7-ந் தேதி 'என்ஜாய் என்ஜாமி' என்று ஒரு பாட்டு வெளிவந்தது. அறிவு என்னும் இளைஞரும் தீ என்னும் பாடகியும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு அது. சினிமாவுக்குச் சேராத தனிப் பாட்டு. அதில் கதாநாயகனும் இல்லை, கடவுள் வாழ்த்தும் இல்லை. அப்படியிருந்தும் அதைத் தமிழ் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் பல கோடித் தடவை கேட்டார்கள். நமது கம்பம் பள்ளத்தாக்கில் அதைப் போடாத கல்யாண வீடு இல்லை. அதைப் பாடாத ரேடியோ செட்டும் இல்லை. தேவாரத்தில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால்கூட அதைப் போட்டுத்தான் ஆடினார்கள்.

அந்தப் பாட்டில் வள்ளியம்மாள் என்று ஒரு பெயர் வருகின்றது. அது எதுகைக்காகச் சேர்த்த பெயர் அல்ல. அரக்கோணத்துக்காரரான அறிவினுடைய பாட்டியின் பெயர் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, பின்னர் இந்தியா வந்து சேர்ந்து, பேரனை வளர்த்தவர். பேரன் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', அதாவது சாதியற்றவர் கூட்டு என்று பொருள்படும் பாட்டுக் குழுவில் பாடிப் பெயரெடுத்தவர். 2024-இல் அவர் 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டே தமது பாட்டுத் தொகுப்பின் முதற் பாகத்தை வெளியிட்டார்.

இதில் என்ன பெரிய விசேஷம் என்று சிலர் கேட்கலாம். விசேஷம் இருக்கின்றது. இந்நாட்டில் ஒருவன் தன்னை இன்னாரென்று சொல்லிக் கொள்ள வேண்டுமானால் கோத்திரம் சொல்லுவான், குலதெய்வம் சொல்லுவான், பாட்டன் ஜமீன் காரியஸ்தர் என்பான், கொள்ளுப்பாட்டன் காசிக்குப் போய் வந்தவர் என்பான். இல்லாத பெருமையைக்கூடக் காசு கொடுத்துத் தலபுராணம் எழுதி வாங்கிக் கொள்ளுவான். அப்படிப்பட்ட நாட்டில், 'நான் ஒரு தோட்டக் கூலிக்காரியின் பேரன். இதுவே என் விலாசம்' என்று புத்தகத்துக்கு அட்டை போடுவது போல் பாட்டுக்குப் போட்டு வைத்த துணிவுதான் விசேஷம். ஆண் வழியை விட்டுப் பெண் வழியைச் சொன்னதும், சொத்து வழியை விட்டு உழைப்பு வழியைச் சொன்னதும் மற்றும் இரண்டு விசேஷங்கள்.

'என்ஜாமி' என்பதில் சாமி இருக்கிறதே, உங்களுக்கு அது சம்மதமா என்று நம்மைக் கேலி செய்கிறவர்களும் உண்டு. தாராளமாகச் சம்மதம். நமது ஊரில் எந்தக் கிழவியும் பேரப்பிள்ளையை 'ஏ சாமி', 'என் சாமி' என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தச் சாமிக்குப் பசிக்கும், பால் கொடுத்தால் குடிக்கும், கொஞ்சினால் சிரிக்கும், உள்ளே வராதே, தீட்டு என்று யாரையும் சொல்லாது. இப்படிப்பட்ட சாமிகள் முப்பத்து முக்கோடி இருந்தாலும் நமக்கு ஆட்சேபணை இல்லை.

நிற்க. வள்ளியம்மாள் போன்ற பாட்டிகளின் கதை என்ன என்பதை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் பாட்டுக்கு ஆடியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்காவது அது தெரியுமா என்பது சந்தேகம்.

வெள்ளைக்காரன் இலங்கை மலையில் முதலில் காப்பி போட்டான். அந்தக் காப்பிக்குக் கூலிகள் தமிழ்நாட்டிலிருந்து போனார்கள். போனவர்கள் யார்? காணி உள்ள மிராசுதாரரா? கோவில் மானியம் உண்கிறவரா? அல்ல. உழுவதற்குக் கை இருந்தும் உழுத நிலம் தன்னுடையதென்று சொல்லும் பாத்தியம் இல்லாத தாழ்த்தப்பட்ட மக்களும், அவர்களுக்கு அடுத்த படியில் இருந்த ஏழைகளுமே பெரும்பாலும் போனார்கள். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சம் மேலும் கூட்டம் கூட்டமாகத் தள்ளிவிட்டது. ரயில் வருவதற்கு முன்னர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையில் காட்டு வழியாக நடந்தே போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழி நெடுகச் செத்தார்கள். அந்த வழியை மறக்கக் கூடாதென்று அவர்களுடைய சந்ததியார் 2023-இல், இருநூறு வருஷ நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் மறுபடியும் நடந்து காட்டினார்கள்.

பின்னர் காப்பிச் செடிக்கு 1869-இல் இலை நோய் கண்டது. காப்பி ஒழிந்து தேயிலை வந்தது. கூலி மாத்திரம் மாறவில்லை. கூட்டிப் போனவன் கங்காணி. அவன் கொடுத்த முன்பணம் தலைக்கு மேல் கடன். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் துரை கடனைக் கட்டினால்தான் ஆள் விடுதலை. மனிதனுக்கு விலைச்சீட்டு எழுதிய இந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. குடியிருப்பு லயன், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் அந்த வித்தியாசத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கொழுந்து கிள்ளும் விரல் பெண்ணுடையது. கூலிக் கணக்கு எழுதும் விரல் வேறொருவருடையது.

இவ்வளவும் பொறுத்தவர்களுக்குக் கிடைத்த வெகுமதியைக் கேளுங்கள். 1947-ஆம் வருஷத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் கட்சி ஏழு பேரைச் சட்டசபைக்கு அனுப்பியது. மறு வருஷமே, அதாவது 1948-இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தான் என்பதற்கு, பாட்டன் இங்கே பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். லயன் அறையில் பிறந்தவனுக்கு அத்தாட்சி எழுதியவன் யார்? இலட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. பின் 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக் கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974-இல் அந்தப் பாக்கியையும் சரிபாதியாக வெட்டிக் கொண்டார்கள்.

சந்தையில் ஆடு பிரிக்கும் வியாபாரிகூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். இந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் ஒருவரையாவது 'உனக்கு எந்த ஊர் வேண்டும்?' என்று ஒப்பந்தத்துக்கு முன் கேட்டதுண்டா? கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிற்பாடு மனுப் போடச் சொன்னார்கள். தலைமன்னாரில் கப்பலேற்றி இராமேசுவரத்தில் இறக்கினார்கள். அங்கே இருந்தவரையில் 'தோட்டக்காட்டான்', 'இந்தியாக்காரன்'. இங்கே வந்த பிறகு 'சிலோன்காரன்', 'அகதி'. சிலரை நீலகிரித் தேயிலைக்கு அனுப்பினார்கள். சிலரிடம் தொழில் செய்யக் கடன் என்று கொஞ்சம் பணத்தைக் கொடுத்துக் கைகழுவினார்கள். நமது அண்டை மலையான கொடைக்கானலில் மரம் வெட்டும் கூப்புகளில் பலர் கொத்தடிமைகளாகவே சிக்கினார்கள் என்னும் சங்கதி 1980-களில் வெளிவந்தது. சாதிச் சான்றிதழ் கேட்டால் 'பூர்வீக ஊர் எது?' என்றார்கள். சாதியை வைத்து ஒதுக்குவதற்கு எந்த அத்தாட்சியும் கேட்காத நாடு, சாதிக்கான சலுகையைக் கொடுப்பதற்கு மாத்திரம் பாட்டன் காலத்து அத்தாட்சி கேட்கின்றது.

தோழர்களே! இதுதான் அந்தப் பாட்டின் உள்ளே இருக்கின்ற கதை. மரம் நட்டவளுக்கு நிழல் இல்லை, கிணறு வெட்டியவளுக்குத் தண்ணீர் இல்லை என்கிற ஒப்பாரி அது. அதைக் குத்துப் பாட்டு என்று நினைத்து நாம் ஆடினோம்.

இப்போது உலகமெங்கும் குடிபெயர்ந்த குடும்பத்தாரின் பிள்ளைகள், தங்கள் பெற்றோரைப் பற்றிப் பாட்டுத் தொகுப்புகள் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சிறு வயதில் அகதியாக லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த மாயா அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில், 2005-இல் தகப்பனார் பெயரால் 'அருளர்' என்றும், 2007-இல் தாயார் பெயரால் 'கலா' என்றும் இரண்டு தொகுப்புகள் வெளியிட்டார். அமெரிக்காவில் பிறந்த நமது பிள்ளைகளும் 'நான் இந்தியனா, அமெரிக்கனா?' என்று பாடுகிறார்கள். அதைப் பரிகசிப்பது நமது எண்ணமல்ல. இரண்டு ஊரிலும் அன்னியனாக நிற்கிறவன் துக்கம் துக்கந்தான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. 1965-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா போன நம்மவர்களில் பெரும்பாலோர் படிப்பும் பட்டமும் எடுத்துக் கொண்டு போனார்கள். கூடவே சாதியையும் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டு போனார்கள். கிளீவ்லாந்து நகரத்தில் 1978 முதல் தியாகராஜர் ஆராதனை வருஷந் தவறாமல் நடக்கின்றது. அங்கே சபா உண்டு, பஞ்சரத்தினம் உண்டு, நம் 'பாரம்பரியம்' என்ற பேச்சும் உண்டு. அந்தப் பாரம்பரியத்தில் வள்ளியம்மாளுக்கு எந்த வரிசையில் நாற்காலி? அவர்கள் கேட்கிற 'நான் யார்?' என்பது சாப்பிட்டுவிட்டுக் கேட்கிற கேள்வி. வள்ளியம்மாள்களுக்கோ அந்தக் கேள்வியை இரண்டு சர்க்கார்கள் கூடி, அவர்களைக் கேட்காமலே, விடை எழுதிக் கொடுத்துவிட்டன.

சாதியும் குடியுரிமையும் எப்படிக் கைகோத்து நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு அத்தாட்சி உண்டு. பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபி, முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேவகம் செய்தவர். அக்காலத்தில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மாத்திரமே அமெரிக்கக் குடியுரிமை கேட்க இடமிருந்தது. 'நானும் மனிதன், கொடு' என்று கேட்டிருக்கலாம். அவர் கட்சி என்ன தெரியுமா? 'நான் உயர்ந்த சாதி இந்து, ஆரிய ரத்தம், ஆகவே நானும் வெள்ளையனே' என்பது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி, 'நீர் வெள்ளையர் அல்லர், போம்' என்று தள்ளிவிட்டது. அதோடு நிற்காமல், முன்னர் குடியுரிமை பெற்றிருந்த மற்ற இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். ஊரில் ஒருவனைக் கீழே தள்ளுவதற்கு வைத்திருந்த ஆரியப் பட்டம், கடல் தாண்டியவுடன் செல்லாக் காசாயிற்று. சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், சியாட்டில் நகரசபை சாதி வித்தியாசம் பாராட்டுவதைத் தடுத்துச் சட்டம் செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். நம்மவர்கள் அந்நாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த வரிசைகளில் இதுவும் ஒன்று. வெட்கம்! வெட்கம்!

இனிப் பாட்டைக் கொண்டாடியவர்களின் யோக்கியதையைப் பார்ப்போம்.

பாட்டு வந்த சில மாதத்தில், 2021 ஆகஸ்டில், ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டைப் படம் போட்டது. 'என்ஜாய் என்ஜாமி'யையும் 'நீயே ஒளி' என்னும் பாட்டையும் புகழ்ந்த அட்டை. படத்தில் பாடகி தீயும், கானடாத் தமிழர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டையும் எழுதிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் முதலானோர் பகிரங்கமாகக் கண்டித்த பிற்பாடுதான் அறிவுக்கென்று வேறோர் அட்டை தயாரித்து வெளியிட்டார்கள். சோற்றுப் பந்தி முடிந்த பிறகு தனி இலை போட்ட கதைதான்! மறு வருஷம், 2022 ஜூலை 28-ந் தேதி, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ஆரம்ப விழாவில் உலக நாட்டு விருந்தாளிகளுக்கு முன்னால் அதே பாட்டைப் பாடினார்கள். தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அறிவு தமது மனவருத்தத்தை வெளியிட்டார். அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மெட்டு யாருடையது, உழைப்பு யாருடையது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். 2024-இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டினால் தமக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த வழக்கைத் தீர்ப்பது நமது வேலை அன்று. மேடையில் பாடிய பெண்களின் மேலும் நமக்கு ஒரு குறையும் இல்லை. நாம் கேட்பது ஒரே கேள்வி. ஒரு குடும்பத்தின் கண்ணீர்க் கதையை அதன் பேரப்பிள்ளை எழுதியிருக்க, அந்தப் பேரப்பிள்ளை இல்லாமல் கதை மாத்திரம் போதும் என்று ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தோன்றியதே, அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? தானியம் வேண்டும், அறுத்தவன் களத்தில் நிற்க வேண்டாம் என்கிற புத்திதான் அது. பறை வேண்டும், பறையடிப்பவன் பந்தலுக்குள் வர வேண்டாம் என்கிற புத்திதான் அது. வேறு பெயர் வைத்து அழைக்க வேண்டியதில்லை.

நமது ஊரின் பெயர் தேவாரம். ஆகவே தேவாரத்தைப் பற்றிய ஒரு புராணத்தை இங்கே சொல்லுவதில் தப்பில்லை. திருமுறை கண்ட புராணம் சொல்லுகிறபடி, மூவர் பாடிய பாட்டுகள் சிதம்பரத்தில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தனவாம். அரசன் கேட்டபோது, 'பாடியவர்கள் நேரில் வந்தால்தான் திறப்போம்' என்றார்களாம் தீட்சிதர்கள். அரசன் மூவருடைய விக்கிரகங்களையும் கொண்டு வந்து நிறுத்தினானாம். திறந்து பார்த்தால் பெரும் பகுதியைக் கறையான் தின்றிருந்ததாம். இது நடந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செத்துப் போனவர்கள் வந்தால்தான் பாட்டைத் திறப்போம் என்றது அந்தக் காலம். எழுதியவன் உயிரோடு இருக்கும்போது, அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பாட்டை மாத்திரம் திறந்து கொள்ளுகிறது இந்தக் காலம். இரண்டு காலத்திலும் சாவி யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

இந்த வித்தை இந்தியாவுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் ஆர்தர் குரூடப் என்னும் கருப்பர் 1946-இல் ஒரு பாட்டை எழுதிப் பாடிப் பதிவு செய்தார். 1954-இல் எல்விஸ் பிரெஸ்லி என்னும் வெள்ளை இளைஞர் அதையே பாடித் தமது முதல் இசைத்தட்டாக வெளியிட்டார். எல்விஸ் 'ராஜா' ஆனார். குரூடப் தமக்குச் சேர வேண்டிய பங்குக்காக வருஷக்கணக்கில் அலைந்து, அது கிடைக்காமலே 1974-இல் செத்துப் போனார். அங்கே நிறம், இங்கே சாதி. சூத்திரம் ஒன்றுதான்.

இனி நமக்கு வரும் ஆட்சேபணைகளுக்குச் சமாதானம் சொல்லுவோம்.

'பாட்டைப் பாட்டாகக் கேளும்; அதில் ஏன் சாதியை நுழைக்கிறீர்?' என்பார்கள். நாம் நுழைக்கவில்லை. நிலம் இல்லாமல் கப்பலேற்றியது சாதி. திரும்பி வந்தவர்களை ஊருக்கு வெளியே குடியேற்றியது சாதி. பாட்டுக்குள் அது முன்னமே உட்கார்ந்திருக்கின்றது. அதைப் பார்க்காமல் ஆடுகிறவர்கள்தான் கண்ணை மூடிக் கொண்டிருக்கிறார்கள்.

'அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது புகழும் பணமும் வந்துவிட்டதே' என்பார்கள். வரட்டும், இன்னும் வரட்டும். ஒரு பேரனுக்குப் புகழ் வந்ததால் ஐந்தே கால் இலட்சம் பேருடைய கணக்குத் தீர்ந்துவிட்டதா? ஒரு நந்தனைக் கோவிலுக்குள் விட்டோம் என்று கதை எழுதிவிட்டு, ஆயிரம் வருஷம் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தியவர்களின் வாதம் அல்லவா இது? அதிலும் அந்த ஒருவனை நெருப்பில் இறக்கிய பின்புதான் விட்டார்கள்!

'எல்லாம் பார்ப்பனர் சூழ்ச்சி' என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக் கொள்ளப் பார்க்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள். பார்ப்பனியத்தைக் கண்டிப்பதில் நாம் யாருக்கும் பின்வாங்கினவர்கள் அல்ல. ஆனால் தேவாரத்திலும் கோம்பையிலும் தேநீர்க் கடையில் தாழ்த்தப்பட்டவனைப் பார்த்து 'ஏலே' என்று கூப்பிடுகிறவன் பூணூல் போட்டவனா? அறுபது வயதுக் கிழவியைப் பேர் சொல்லி 'வாடி, போடி' என்று ஏவுகிற பத்து வயதுப் பையன் எந்த அக்கிரகாரத்துப் பிள்ளை? நம் வீட்டுப் பிள்ளைகள்தானே! தலைக்கு மேல் இருப்பவனை இறங்கு என்று சொல்லுகிறவன், தன் காலுக்குக் கீழே இருப்பவன் மேலிருந்து முதலில் இறங்க வேண்டும். அதுதான் சுயமரியாதை. மற்றதெல்லாம் வேஷம்.

'அது சிலோன் சங்கதி, நமக்கென்ன?' என்று கேட்பவர்களுக்குத்தான் நாம் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். தேவாரத்தில் நின்று மேற்கே நிமிர்ந்து பாருங்கள். அந்த மலைக்கு அப்பால் ஏலத்தோட்டம். அந்த மலைக்கு நேராக ஏறிப் போகச் சாக்குலூத்து மெட்டுச் சாலை வேண்டுமென்று நெடுங்காலமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறோம். பொழுது விடியும் முன்னே தூக்குவாளியில் சோற்றை எடுத்துக் கொண்டு, ஜீப்பில் ஒருவர் மடிமேல் ஒருவராக, போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் சுற்றி, காய் எடுக்கவும் களை வெட்டவும் போகின்ற பெண்கள் யார்? அவர்கள் வள்ளியம்மாள்கள் அல்லவா? அவர்களுக்கு அங்கே பெயர் 'பாண்டி'. இங்கே பெயர் 'கூலிக்காரி'. கொண்டை ஊசி வளைவில் ஜீப் உருண்டால் மாத்திரம் ஒரு நாள் பத்திரிகையில் சொந்தப் பெயர் வரும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, மலையில் வேலை செய்த தமிழ்க் கூலிகள் விரட்டப்பட்டுக் காட்டு வழியாக இறங்கி ஓடி வந்தார்கள். பள்ளத்தாக்கே திரண்டு குமுளியை நோக்கிப் போயிற்று. அன்றைக்கு அவர்கள் நமது 'தமிழ்ச் சகோதரிகள்'. தகராறு தீர்ந்து ஊருக்குள் போனதும் அவர்களுக்கு மறுபடியும் தனித் தெரு, தனிச் சுடுகாடு! சகோதரி என்று மலையில் சொன்ன வாய், அடிவாரத்தில் ஏன் அடைத்துக் கொண்டது? 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து லயன் வீடுகள் மூடிக் கொண்டபோது, போன உயிர்கள் 70. நாலைந்து தலைமுறையாகத் தேயிலைக்கு உழைத்தும் சொந்த மண்ணில் சொந்த வீடு என்று ஒன்று இல்லாதவர்கள் அவர்கள். அதே மூணாறில் 2015 செப்டம்பரில் 'பெண்கள் ஒற்றுமை' என்று ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து, ஆண் தலைவர்களை அப்பால் நிறுத்திவிட்டு, குறைத்த போனஸை மறுபடியும் 20 சதவீதமாக வாங்கினார்கள். சாமிக்கு நேர்ந்து கொண்டதனால் அது வந்ததா? ஜாதகம் பார்த்ததனால் வந்ததா? கூடி உட்கார்ந்ததனால் வந்தது.

நமது ஊருக்குப் பக்கத்திலேயே பண்ணைப்புரம் இருக்கின்றது. இளையராஜாவின் ஊர் என்று பெருமை பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன், இந்த மலைத் தோட்டங்களில் கூலிகளுக்காக ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு பாடினவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்ததற்கு அந்தப் பாட்டுகளும் ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. ஆயிரம் பேர் கேட்டு அழுத அந்தப் பாட்டுகளை நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? கூலியைப் பாடினவரை மறந்து, கூலியையும் மறந்த ஊர், சிலோனைப் பற்றி 'நமக்கென்ன?' என்று கேட்பதில் ஆச்சரியமில்லை.

சர்க்காரையும் ஒரு வார்த்தை கேட்போம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர்தான். ஆனால் டில்லியில் 2019-இல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எழுதினவர்கள், இலங்கையை எழுதவில்லை. இந்துக்களைக் காக்கவே சட்டம் என்று மார் தட்டுகிறவர்களின் கண்ணுக்கு, இந்தியாவிலிருந்து கூலியாகக் கொண்டு போகப்பட்டவர்களின் சந்ததியில் இன்னும் முகாமில் கிடப்பவர்கள் இந்துவாகவும் தெரியவில்லை, இந்தியனாகவும் தெரியவில்லை. இந்து மதம் யாரை உள்ளே வைத்திருக்கிறது, யாரை எண்ணிக்கைக்கு மாத்திரம் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே பாட்டு மெய்யாகவே பிடித்திருக்கிறது என்று சொல்லுகிற தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். முதலாவது, உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் உள்ள கிழவிகளிடம் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எத்தனை வருஷம், என்ன கூலி, யார் ஏமாற்றினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கோவில் சுவரில் உபயதாரர் பெயர் வெட்டுகிற நாட்டில் இந்தப் பெயர்களும் எழுத்தில் ஏறட்டும். இரண்டாவது, வயதில் பெரியவர் யாராயிருந்தாலும் 'அம்மா', 'அப்பத்தா', 'அய்யா' என்று கூப்பிடப் பிள்ளைகளைப் பழக்குங்கள்; இதற்குக் காலணா செலவில்லை. மூன்றாவது, தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஆள் கணக்கு, விபத்துக்கு நஷ்டஈடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி ஆகிய இவைகளுக்காகச் சங்கம் கூடும்போது, பாட்டுக்கு ஆடிய கால்கள் அங்கேயும் வரட்டும். நான்காவது, திரும்பி வந்த குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழும் கிடைக்கும் வரையில், மனு எழுதத் தெரிந்தவர்கள் மனு எழுதிக் கொடுங்கள். ஐந்தாவது, கல்யாணப் பந்தலில் அந்தப் பாட்டைப் போடுகிறவர்கள், அந்தப் பாட்டியின் பேத்தியை அதே பந்தலில் மணமகளாக உட்கார வைக்கத் தயாரா என்று தங்கள் நெஞ்சைக் கேட்டுக் கொள்ளட்டும். தயார் என்றால் பாட்டை இன்னும் சத்தமாகப் போடுங்கள். நாமும் வந்து கேட்கிறோம். இல்லை என்றால் ரேடியோ செட்டை நிறுத்திவிடுங்கள். பாட்டியை வெளியே நிறுத்தி வைத்துவிட்டுப் பேரன் பாட்டுக்குக் கைதட்டுவது ரசனை ஆகாது; கடன்காரன் கடன் கொடுத்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற காரியமே ஆகும்.